சபதம் அண்ணனும் இரண்டடி வாசலும்

சவுதியில், ஜுபைலில் இருக்கிற அத்தனை லேபர் கேம்ப்களிலும் சேர்த்து, மனிதர்களை நிம்மதியாக அடிமையாக இருக்கவிடாமல் தொந்தரவு செய்த ஒரே ஆள் எங்கள் சபதம் அண்ணன்தான். இதைப் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவர் மேல் கோபம். பல வருஷத்துக் கோபம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்திவிட்டு, "என்ன சார், ஒரு மனுஷனை இப்படியா எழுதுவது?" என்று யாரும் கடிதம் போடக் கூடாது.

ஒருவன் நாள் முழுக்க வெயிலில் வெந்துவிட்டு ரூமுக்கு வருகிறான். அவனுக்குக் குளிக்க வேண்டும், தின்ன வேண்டும், பெண்டாட்டியிடம் போனில் பேச வேண்டும், படுக்க வேண்டும். இந்த நான்கைத் தவிர அவனுக்கு உலகத்தில் வேறு லட்சியம் கிடையாது. அவன் எதிரில் ஒரு குண்டு மனிதர் வந்து நின்றுகொண்டு, "வே, இன்னைக்கு எதுக்காவது எந்திரிச்சு நின்னீரா?" என்று கேட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? சோப்பைத் தூக்கி எறியத் தோன்றும். நான் ஒரு முறை எறிந்தே இருக்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டு போய் அவர் குளித்துவிட்டு வந்தார்.

தென்காசிப் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். உயரம் கொஞ்சம், சுற்றளவு நிறைய. கேம்ப் சாப்பாட்டில் நாங்களெல்லாம் எலும்பும் தோலுமாக ஆனபோது, அதே குப்பூஸ் ரொட்டியையும் அதே தண்ணீர்ப் பருப்பையும் தின்று அவர் மட்டும் மாதாமாதம் பெருத்தார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உடுப்பாகக் கம்பெனி கொடுத்த கவரால் அவருக்கு மார்போடு நின்றுவிடும். கீழே இருந்த பட்டன்களெல்லாம் வெறும் அலங்காரம். அவருடைய உண்மையான பெயர் இக்காமா என்கிற அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அதை யாரும் கேட்டதில்லை.

அவருக்கு 'ஹோல் வாட்ச்' வேலை. ஆலையில் பெரிய பெரிய இரும்புத் தொட்டிகள் இருக்கும். வருஷத்துக்கு ஒரு முறை ஆலையை நிறுத்தி, ஆட்களை அதற்குள் இறக்கிச் சுத்தம் செய்வார்கள். உள்ளே போக, பக்கவாட்டில் இரண்டடி அகல வட்ட ஓட்டை ஒன்றுதான் வழி. அந்த ஓட்டைக்கு வெளியே ஒருவர் உட்கார்ந்திருப்பார். யார் உள்ளே போனது, யார் வெளியே வந்தது என்று நோட்டில் எழுதுவார். உள்ளே இருப்பவனுக்கு ஏதாவது ஆனால் விசில் ஊதி ரேடியோவில் கத்துவார். உள்ளே ஆள் இருக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது. ஒன்றுக்கு வந்தாலும் மாற்று ஆள் வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். உள்ளே போகிற வேலை எங்களுக்கு, உட்கார்ந்திருக்கிற வேலை அவருக்கு.

இந்த வேலைக்கு அவருடைய படிப்பு எம்.ஏ. ஆங்கில இலக்கியம். "ஆபீஸ் வேலை, நாற்காலியில் உட்காரலாம்" என்று ஏஜென்ட் சொன்னானாம். பொய் சொல்லவில்லை. நாற்காலி இருந்தது. ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தது.

எம்.ஏ.வில் அவர்களுக்கு ஒரு பாடம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பாடிய வீரப் பாட்டுகள். இப்போதைய ஆங்கிலம் தெரிந்தவனுக்கும் அதில் ஒரு வரி புரியாதாம். வகுப்பே அந்தப் பாடத்தைச் சாய்ஸில் விட்டுவிட்டுப் பாஸ் செய்தது. அண்ணன் ஒருவர்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுதார், இன்றுவரை விடவில்லை. விரிந்த கடல், குளிர், கட்டையால் கட்டிய ஒரு பெரிய கூடம், அதில் மது ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வீரர்கள், தலைவன் அவர்களுக்கு மோதிரம் கொடுப்பான், அவர்கள் அவனுக்கு உயிரைக் கொடுப்பார்கள். இதைத்தான் அவர், ஐம்பது டிகிரி வெயிலில், பஸ்ஸுக்கு நிற்கும் வரிசையில் எங்களுக்குச் சொன்னார்.

"அங்க தலைவன் மோதிரம் குடுப்பாம்வே. இங்க நம்ம தலைவன் குடுத்தது என்ன? சேஃப்டி ஷூ. அதுவும் ரெண்டும் எடது காலு."

இது உண்மை. செல்வத்துக்கு அப்படித்தான் வந்திருந்தது. அரியலூர்க்காரனான செல்வம் எங்கள் ரூம் மேட். எதையும் மாற்றிக் கேட்கத் தெரியாதவன். ஒரு மாதம் அந்த ஷூவோடு ஒரு பக்கமாகவே நடந்தான்.

அந்தப் பாட்டுகளில் ஒரு பழக்கமாம். கடலைக் கடல் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள், திமிங்கலம் போகும் ரோடு என்பார்கள். அண்ணன் கேம்ப் முழுவதற்கும் அப்படிப் பெயர் வைத்தார். கம்பெனி பஸ் 'தூக்கம் சுமக்கும் தகரம்'. குப்பூஸ் 'வட்டத் தண்டனை'. போன் 'பெண்டாட்டி வாழும் பெட்டி'. சூப்பர்வைசருக்கு 'நிழல் தின்னி' என்று பெயர். வெளியில் கிடைக்கிற ஒரே நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார் என்பதால். இரண்டே வாரத்தில் கேம்ப் பூராவும் இப்படித்தான் பேசியது. ஒரு நாள் செல்வம், சூப்பர்வைசரிடமே, "நிழல் தின்னி எங்க சார்?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் காசில்லாத ஓவர்டைம்.

ஆனால் அண்ணனுடைய உண்மையான கோபம் விதி என்ற வார்த்தையின் மேல்தான். கேம்ப்பில் அந்த வார்த்தையைச் சொல்லாமல் எங்களால் பல் துலக்க முடியாது. தண்ணீர் வரவில்லையா, விதி. லீவு கிடைக்கவில்லையா, விதி. ஒரு ஜூன் மாதம் எங்கள் ரூமில் ஏசி நின்றுவிட்டது. எட்டுப் பேர், ஒரு ஜன்னல். ஒன்பது நாள் வெந்தோம். ஒன்பதாவது நாள் செல்வம் பெருமூச்சு விட்டான்.

"என்னத்த பண்றது, எல்லாம் தலையெழுத்து."

அண்ணன் கட்டிலிலிருந்து இறங்கினார். மேல் கட்டில்காரன் ஒரு முறை குலுங்கி அடங்கினான்.

"எவம்ல அது, தலையெழுத்துன்னது? கம்ப்ரசர் போயிருக்கு. அதுல தலையெழுத்து எங்கல வந்துச்சு? விதின்னா என்னன்னு தெரியுமால ஒனக்கு? அந்தப் பாட்டுல எதிரி நூறு பேரு நிக்காம், இவம் பத்துப் பேரோட நிக்காம். சாவு உறுதின்னு அவனுக்குத் தெரியும். ஆனாலும் என்ன சொல்லுதாம்? நான் செய்ய வேண்டியத செஞ்சிருதேன், மிச்சத்த விதி பாத்துக்கிடட்டும்ங்காம். மொதல்ல அவம் பங்கு. பொறவுதாம் விதி பங்கு. நீ ஒம் பங்க செஞ்சியால? கம்ப்ளெயின்ட் எழுதுனியா?"

"இல்லண்ணே."

"பொறவு என்னத்துக்குல விதிய வம்புக்கு இழுக்க?"

மெத்தையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டார். நேராக, கேம்ப்பை நிர்வகிக்கிற கேம்ப் பாஸின் ஆபீசுக்குப் போனார். அங்கே ஏசி ஜில்லென்று ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையை மேஜைக்கு முன்னால் விரித்து மல்லாந்து படுத்து, அந்தப் பழைய பாஷையில் ஒரு போர்ப் பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கேம்ப் பாஸ் முதலில் மிரட்டினார், பிறகு கெஞ்சினார், கடைசியில் அது ஏதோ செய்வினை மந்திரம் என்று பயந்து வெளியே ஓடிவந்துவிட்டார். மறுநாள் காலை மெக்கானிக் வந்தான். "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டு கேம்ப் பாஸே அவனுக்கு ஏணி பிடித்தார்.

இதற்கு நாங்கள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "இந்த ஆளால நம்ம ரூமுக்குக் கெட்ட பேரு" என்று ஏசிக் காற்றில் படுத்துக்கொண்டு பேசினோம். எங்கள் யோக்கியதை அவ்வளவுதான்.

அவருக்குச் சபதம் என்று பெயர் வந்தது வெள்ளிக்கிழமைகளால். அந்த வீரர்கள் சண்டைக்கு முன்னால் கூடத்தில் எழுந்து, கையில் மதுக் கிண்ணத்தோடு, நாளைக்கு இன்னது செய்வேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்வார்களாம். சொன்ன பிறகு பின்வாங்க முடியாது. பத்துப் பேர் கேட்டுவிட்டார்களே! அண்ணனுக்கு அந்தப் பாட்டுகளிலேயே மிகவும் பிடித்தது இந்த இடம்தான். எங்கள் மெஸ் ஹாலை அவர் அந்தக் கூடமாக முடிவு செய்துவிட்டார். சவுதியில் மதுவுக்கு எங்கே போவது? எனவே லபான். வெள்ளிக்கிழமை பிரியாணிக்கு ஆளுக்கொரு பாட்டில் லபான் கொடுப்பார்கள். மோரைக் கையில் பிடித்துக்கொண்டு வீர சபதம் செய்த ஒரே படை, உலக சரித்திரத்தில் நாங்கள்தான்.

முதலில் கேலிக்குத்தான் எழுந்தார்கள். ஒருவன், இந்த வாரம் மச்சானோடு போனில் சண்டை போட மாட்டேன் என்றான். சமையல்கார பாய், "பருப்புல இனிமே பருப்பு இருக்கும், இது சத்தியம்" என்று கரண்டியைத் தூக்கினார். செல்வம் எழுந்து, "நாளைக்கி ஷூவ மாத்திக் கேப்பேன்" என்றான். அண்ணன் லபானை உயர்த்தி அந்தப் பாஷையில் ஏதோ கர்ஜித்தார். மறுநாள் செல்வம் ஸ்டோருக்குப் போய்க் கேட்டான். கிடைத்தது. அந்தப் பயல் அன்று கேம்ப் முழுக்க இரண்டு கால்களாலும் நடந்து காட்டினான். அதற்குப் பிறகு கேலி குறைந்துவிட்டது. அங்கேதான் ஆபத்து ஆரம்பித்தது.

இடையில் ஒரு கூத்து. இங்கிலாந்துக்காரர் ஒருவர் இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரர் ஓட்டையை எட்டிப் பார்க்கக் குனிந்த சமயம், இவர் எழுந்து நெஞ்சில் கைவைத்து, அவருடைய முப்பாட்டனின் முப்பாட்டன் பாடிய பாட்டை அதே உச்சரிப்பில், எச்சில் தெறிக்கப் பத்து வரி சொன்னார். வெள்ளைக்காரர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பக்கத்தில் இருந்த எஞ்சினியரிடம், "எனக்கு மலையாளம் தெரியாது என்று இவரிடம் சொல்லுங்கள்" என்றார். அண்ணன் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"சொந்தப் பாட்டன் சொத்த அடையாளம் தெரியல பாரும்வே. இவனுவளா ஒலகத்த ஆண்டானுவ?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதுவரை சிரித்தது போதும்.

அந்த வருஷ ஷட்டவுனில் எங்கள் ஆறு பேருக்கு ஒரு தொட்டி. அடியில் இருக்கும் சேற்றை வாரி வெளியே கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை ஆள் இறங்குவதற்கு முன்பும், சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகும், மீட்டர்காரர் வந்து உள்ளே இருக்கும் காற்றை அளந்து கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் ஆலையின் சட்டம். எங்கள் கான்ட்ராக்ட் கம்பெனிக்கோ அவசரம். மீட்டர்காரர் ஆலையின் ஆள்; எங்கேயோ ஒரு மூலையில் இருப்பார்; அவர் வர ஒரு மணி நேரம் ஆகும். காலையில் அளந்ததை வைத்தே மத்தியானமும் ஆளை இறக்கு என்று மற்ற தொட்டிகளில் நடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் விதி என்றார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் லபானோடு எழுந்தார். அவர் குரல் ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. கத்தவில்லை.

"நான் வாசல்ல இருக்க வரைக்கும், காத்த அளக்காம ஒரு ஆளு உள்ள போவ மாட்டாம். போவணும்னா எம் மேல ஏறித்தாம் போவணும். எங்கூட யாருவே நிக்கா?"

யார் எழுந்தது தெரியுமா? நான். பிரியாணிக் கையோடு எழுந்தேன். எனக்கு மன்னார்குடி, எங்கள் பக்கத்தில் மேடை கிடைத்தால் விட மாட்டோம்.

"அண்ணே, நீங்க வேணாம்னா நாங்க ஆறு பேரும் உள்ள கால வைக்க மாட்டோம். யார் சொன்னாலும் சரி. மொத ஆளா நான் நிப்பேன்!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பாட்டில் லபானையும் ஒரே மூச்சில் குடித்தேன். எனக்கே என்னைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அண்ணன் கண் கலங்கி என்னைப் பார்த்தார். அவர் நம்பிவிட்டார். அந்த மனிதருக்கு அந்தப் பாட்டுகளையெல்லாம் படித்தும், நம்பக் கூடாதவனை நம்பக் கூடாது என்கிற ஒன்று மட்டும் மண்டையில் ஏறவில்லை.

நான்கு நாள் கழித்து அது நடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக்குத் திரும்பினோம். சூப்பர்வைசர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். ஆலை அதிகாரிகள் மூன்று மணிக்கு ரவுண்ட்ஸ் வருகிறார்களாம்; அதற்குள் சேறு வெளியே வந்தாக வேண்டும். அவரும் தமிழர்தான். வேறு யாராவது என்றால் மொழி புரியவில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

"ஏன்யா நிக்கறீங்க? உள்ள போங்க."

"மீட்டர்காரர் வரட்டும் சார்" என்றார் அண்ணன், நாற்காலியிலிருந்து அசையாமல்.

"காலைல பாத்தாச்சுல்ல? அதே காத்துதான்யா உள்ள இருக்கு. எங்க ஓடிப் போயிடப் போவுது? நோட்டுல கையெழுத்தப் போடு."

"போட மாட்டேன் சார்."

சூப்பர்வைசர் அவரிடம் மேலே பேசவில்லை. கெட்டிக்காரர். திரும்பி நேராக என்னைப் பார்த்தார். என் லீவு விண்ணப்பம் அவர் மேஜையில் இருந்தது. என் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். அது அவருக்குத் தெரியும்.

"நீ போறியா, இல்ல வேற ஆளப் பாக்கட்டா?"

நாலு நாளைக்கு முன்னால் பிரியாணிக் கையோடு கர்ஜித்த அந்த வீரன் என்ன சொன்னான் தெரியுமா?

"ரெடி சார்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. மற்ற ஐந்து பேரும் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு ஓட்டையை நோக்கி நடந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சே, அவ்வளவுதானா என்பதைப் போல ஒரு பார்வை.

அப்புறம் அவர் செய்ததைப் பார்த்து ஆறு பேரும் வாயைப் பிளந்தோம். நாற்காலியை உதைத்துத் தள்ளினார். ஓட்டையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் வருஷத்துப் பாட்டில் ஒரு வரியைக் கத்திக்கொண்டு, இரண்டு கால்களையும் உள்ளே விட்டு இறங்கினார். கால் போயிற்று, தொடை போயிற்று. வயிறு போகவில்லை. இடுப்புக்கு மேலே வெளியே, இடுப்புக்குக் கீழே உள்ளே. இரண்டடி வாசலுக்கு அளவெடுத்துச் செய்த மூடி அவர்.

"இப்ப போங்கல பாப்போம்!"

சூப்பர்வைசர் ஒரு கையைப் பிடித்து இழுத்தார். என்னைப் பார்த்து, "அந்தக் கையப் புடிய்யா" என்று கத்தினார். நான் பிடித்தேன். ஆமாம், அதையும் செய்தேன். இருவரும் சேர்ந்து இழுத்தோம். அண்ணன் எங்கள் இழுப்புக்கு அசையவில்லை. முதலில் வேண்டுமென்றே வரவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து நிஜமாகவே வர முடியவில்லை. மாட்டிக்கொண்டார். முகம் சிவந்துவிட்டது. இழுத்த எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அவர் எங்களிடமிருந்து ஒரு கையை உருவி, கழுத்தில் தொங்கிய விசிலை வாயில் வைத்து மூன்று முறை நீளமாக ஊதினார். பிறகு ரேடியோவில், எம்.ஏ. ஆங்கிலத்தில், தொட்டி எண்ணைச் சொல்லி, வாசலில் ஒரு மனிதன் சிக்கிக்கொண்டிருக்கிறான், உதவி தேவை என்று நிதானமாகச் சொன்னார்.

அவ்வளவுதான். ஆலையின் மீட்புப் படை சைரனோடு வந்துவிட்டது. ஃபயர் வண்டி, ஆம்புலன்ஸ், இருபது பேர். அவர்கள் வந்தால் முதல் வேலை காற்றை அளப்பது. சிக்கியவனைத் தொடுவதற்கு முன்பே அளப்பார்கள். அண்ணன் இடுப்புக்கும் இரும்புக்கும் நடுவில் இருந்த சின்ன இடைவெளியில் மீட்டரின் குழாயைச் செருகினார்கள். மீட்டர் வீல் வீலென்று கத்தத் தொடங்கியது, நிற்கவே இல்லை.

பக்கத்துக் குழாய் லைனில் ஒரு வால்வு சரியாக மூடவில்லையாம். நாங்கள் குப்பூஸ் தின்றுகொண்டிருந்த நேரத்தில் நைட்ரஜன் கசிந்து தொட்டி நிறைந்துவிட்டது. அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. உள்ளே போகிறவனுக்கு மூச்சு முட்டுவதுகூடத் தெரியாது; இரண்டு மூச்சு இழுப்பான், விழுவான். அவனைத் தூக்கப் போகிற அடுத்தவனும் விழுவான். முதலில் விழ வேண்டியவன் நான். கிரீஸ் தடவி, மூன்று பேர் பிடித்து அவரை வெளியே உருவினார்கள். கவரால் கிழிந்து, இடுப்பு முழுக்கத் தோல் உரிந்து ரத்தம். தரையில் கால் நீட்டி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். அப்புறம் என்னைப் பார்த்து, "சாப்ட்டீராவே?" என்று கேட்டார். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

இதோடு நிறுத்தினால் நல்ல கதை. நிஜம் இதோடு நிற்கவில்லை.

எங்கள் கம்பெனிக்கு ஆலையிடம் பெயர் கெட்டுவிடக் கூடாது. மூன்றாம் நாள் ஆபீசிலிருந்து ஒருவர் டைப் அடித்த தாள்களோடு கேம்ப்புக்கு வந்தார். அதில் இப்படி இருந்தது: உள்ளே போகும்படி யாரும் யாரையும் சொல்லவில்லை, மீட்டர்காரருக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம், ஹோல் வாட்ச் விளையாட்டுத்தனமாக ஓட்டைக்குள் இறங்கி மாட்டிக்கொண்டு, வேலையைக் கெடுத்தார். ஆறு பேரும் கையெழுத்துப் போட்டோம். செல்வம் அழுதுகொண்டே போட்டான். நான் அழவில்லை. பேனா எழுதவில்லை என்று வேறு பேனா கேட்டு வாங்கி, இக்காமா நம்பரை நினைவிலிருந்து தப்பில்லாமல் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் என் லீவு ஓகே ஆகிவிட்டது. அண்ணனுக்கு ஃபைனல் எக்ஸிட் அடித்தார்கள். கலாஸ், கதை முடிந்தது. திரும்பி அந்த நாட்டுப் பக்கமே வர முடியாது.

சூப்பர்வைசருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அடுத்த ஷட்டவுனிலும் அவர்தான் சூப்பர்வைசர். நிழல் மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பாட்டுகளில் தலைவனை விட்டு ஓடியவர்களுக்கு மன்னிப்பே கிடையாதாம். பெயர் சொல்லி, ஊர் சொல்லி, வம்சத்தோடு சேர்த்துச் சபிப்பார்களாம். அவரே எங்களுக்குச் சொன்னதுதான். அவர் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். மெஸ்ஸுக்குள் பையோடு வந்தபோது எல்லோருடைய தலையும் தட்டுக்குள் போய்விட்டது. இன்றைக்கு நமக்கு இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சபிக்கட்டும், அடிக்கட்டும், பெரிய கடன் தீர்ந்தது போல இருக்கும். அவர் என் மேஜைக்கு வந்தார்.

"லீவு கெடச்சுட்டாமே?"

"கெடச்சிருச்சுண்ணே."

"நல்லதுவே. மொத புள்ள. கிட்ட இருக்கணும்."

பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. கம்பெனி மேல், சூப்பர்வைசர் மேல், என் மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் மேல். ஒரு வசவு வைதுவிட்டுப் போயிருந்தால் என்ன? இப்படியா ஒருவனை அம்போவென்று விட்டுவிட்டுப் போவது?

இப்போது நான் துபாயில், தேராவில், ஒரு டிரேடிங் ஆபீசில் நாற்காலி வேலையில் இருக்கிறேன். போன மாதம் டீக்கடையில் யாரோ, எங்கேயோ தொட்டியில் இறங்கிய இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டு, "விதி, என்ன செய்யறது" என்றார். நான் எழுந்து மேஜையைக் குத்திவிட்டேன். டீயெல்லாம் கொட்டிவிட்டது. "என்னய்யா விதி? காத்த அளந்தானா? வாசல்ல எவன் இருந்தான்?" என்று கத்தினேன். எல்லோரும் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் செல்வத்திடம் நம்பர் வாங்கி, இத்தனை வருஷம் கழித்து அவருக்குப் போன் செய்தேன். ஊரில் டியூஷன் எடுக்கிறாராம். பின்னால் பிள்ளைகள் சத்தம். பெயரைச் சொன்னேன். நலம் விசாரிக்கவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"அண்ணே, அன்னிக்கி அந்தத் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டேன்."

"தெரியும்லா."

"பொய்ன்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

அதே குரல், அதே எரிச்சல்.

"ஏ, கூறுகெட்ட மனுசா. நீரு உள்ள போயிருந்தா, கையெழுத்துப் போட கை ஏதுவே?"

உடனே, "புள்ள என்ன படிக்காம்?" என்று கேட்டார். ஆறாவது என்றேன். கணக்கில் எப்படி என்றார். சுமார்தான் என்றதும் பத்து நிமிஷம் என்னைத் திட்டினார்.

ஆலைக்காரர்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உள்ளே போகச் சொன்னார்கள். நான் போகத்தான் கிளம்பினேன். அவர் என்னைப் போகவிடவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

டிசம்பரில் லீவு. இந்த முறை மன்னார்குடிக்குக் கடைசியில்தான் போகிறேன். பையனை ஏர்போர்ட்டுக்கே வரவழைத்து, அவனைக் கூட்டிக்கொண்டு முதலில் தென்காசி. கணக்கு நோட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன். அவர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் திட்டட்டும். பக்கத்தில் இருந்து அவர் திட்டைக் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.